சொல்லும் விலையும் செல்லும் விலையும்: நாணயச் சேகரிப்பு கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்தவை. எழுதியவர்கள் வெவ்வேறு ஊரினர். வைத்திருக்கும் காசுகளும் வெவ்வேறு. ஆனால் இன்று மவுசு உள்ள காசு எது, நாளைக்கும் மதிப்பு நிற்கும் காசு எது, இரண்டும் ஒன்றுதானா என்ற ஐயம் ஏறத்தாழ எல்லாக் கடிதங்களிலும் ஏதாவதொரு வடிவில் இருக்கிறது. ஆகவே அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் தரப்பட்டுள்ளது.

கேள்வி: வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 10 ரூபாய் நாணயம் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பல லட்சம் ரூபாய் கிடைக்கும் என்று கைப்பேசியில் வரும் காணொளிகளில் சொல்கிறார்கள். விற்க விரும்பினால் முதலில் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டுமாம். ஆனால் சாதாரண 10 ரூபாய் நாணயத்தைக் கடையில் நீட்டினால்கூட வாங்க மறுக்கிறார்கள். எதை நம்புவது?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, குன்னூர்

பதில்: அம்மா, எந்தக் கட்டணத்தையும் செலுத்திவிடாதீர்கள். பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் விற்றுத் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டி, கட்டணம், கமிஷன், வரி என்று பணம் பறிப்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. அத்தகைய வேலையில் தான் ஈடுபடுவதில்லை என்றும், தன் சார்பில் பணம் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது. உண்மையாக வாங்க வருபவர் பணம் கொடுப்பாரே தவிர, நம்மிடம் கேட்க மாட்டார்.

தாங்கள் வைத்திருப்பது, வைஷ்ணவ தேவி கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவையொட்டி 2012 என்று ஆண்டு பொறித்து 5 ரூபாயிலும் 10 ரூபாயிலும் வெளியிடப்பட்ட நாணயம். மக்கள் கையில் புழங்குவதற்காகவே அடிக்கப்பட்டது என்பதால் அதற்குப் பஞ்சம் ஏதும் இல்லை. நாணயக் கண்காட்சிகளில் தட்டில் குவித்து வைத்து விற்கப்படும் வகை அது. சாமி படம் போட்டது என்பதால் பூஜை அறையில் வைத்துக்கொள்ள விரும்புவோர் முகமதிப்புக்கு, அதாவது காசில் எழுதியுள்ள தொகைக்கு, சற்று மேலே கொடுத்து வாங்குகிறார்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் அந்த லட்சங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். விற்பனைத் தளங்களில் எவர் வேண்டுமானாலும் தம் நாணயத்துக்கு எந்த விலையையும் எழுதிவைக்கலாம். அந்த விலைக்கு ஒருவரும் வாங்காமல் அது அங்கேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். காணொளி எடுப்பவர் அந்த எண்ணைப் படம்பிடித்துக் காட்டுகிறார். பார்த்தவர்களில் பலர் தங்கள் வீட்டுக் காசுக்கும் அதே எண்ணை எழுதுகிறார்கள். அடுத்த காணொளிக்கு அதுவே சான்றாகிவிடுகிறது. இவ்வளவு நடந்த பிறகும் விற்பனை என்று ஒன்று நடந்திருக்காது. சொல்லும் விலை வேறு, செல்லும் விலை வேறு. செல்லும் விலையை அறிய விரும்பினால், நாணய ஏல நிறுவனங்கள் ஒவ்வோர் ஏலமும் முடிந்த பின் வெளியிடும் முடிவு விலைப் பட்டியலைப் பாருங்கள். அதில் இருப்பது வேறொருவர் பணம் எண்ணிக் கொடுத்த தொகை.

கடைக்காரர் மறுப்பதற்கும் ஆதாரம் இல்லை. அதுவரை வெளிவந்த 14 வகை 10 ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. ஒரே காசைப் பற்றி ஒரு வதந்தி பத்து ரூபாய்க்கும் ஆகாது என்கிறது, இன்னொரு வதந்தி பத்து லட்சம் என்கிறது. இரண்டையும் நம்புபவர் சில வேளைகளில் ஒரே ஆளாகவும் இருக்கிறார் என்பதுதான் வேடிக்கை.

கேள்வி: எங்கள் பாட்டியின் மரப்பெட்டியில் விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் தலை பொறித்த வெள்ளி ரூபாய்கள் நிறைய இருந்தன. சிலவற்றில் மாலையில் கோப்பதற்கான வளையம் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மிளகளவே உள்ள பொன் பணம் ஒன்றும் இருந்தது. நகைக்கடையில் வெள்ளி எடைக்கு விலை சொல்கிறார்கள். ஒரு வியாபாரி, அதற்குச் சற்று மேலே போட்டு எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
— படகர் குடும்பத்து வாசகர், கோத்தகிரி

பதில்: மொத்தமாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மொத்தமாகக் கேட்பவர் பெரும்பாலும் அந்தக் குவியலில் ஒன்றிரண்டு காசுகளைப் பார்த்துவைத்துவிட்டுத்தான் கேட்கிறார்.

முதலில் வெள்ளிக் கணக்கு. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே தரத்தில் ரூபாய் அடிக்கத் தொடங்கியது. அதன் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது ஒரு ரூபாயில் ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி. இரண்டாம் உலகப் போர் தொடங்கும்வரை இந்தத் தரம் மாறவில்லை. போர்க்கால நெருக்கடியில் 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாய்களில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. பின்பக்கம் புலி உள்ள 1947ஆம் ஆண்டு ரூபாய் முழுக்க நிக்கல். ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். நகைக்கடை சொல்லும் எடை விலை, இந்தக் காசுகளுக்குத் தரை போன்றது. அதற்குக் கீழே எந்த நல்ல வெள்ளி ரூபாயும் இறங்காது. அதற்கு மேலே எவ்வளவு ஏறும் என்பதை ஆண்டும் நிலையும் தீர்மானிக்கும்.

ஆகவே, நல்ல வெளிச்சத்தில் ஒரு துணியை விரித்து, காசுகளை ஆண்டுவாரியாக அடுக்குங்கள். 1862 என்று பொறித்தவை நிறைய இருந்தால் வியப்பில்லை. 1874 வரைக்கும் அந்த ஒரே ஆண்டை மாற்றாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மும்பை நாணயச்சாலையில் அடித்தவற்றின் பின்பக்கத்தில் பூவேலைப்பாட்டிடையே சிறு புள்ளிகள் இருக்கும். எந்த ஆண்டில் அடித்தது என்பதை அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கண்டுபிடிக்கிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் மலிவான 1862இல், சில புள்ளி வகைகளுக்கு மட்டும் தேடுபவர் அதிகம். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் அந்தக் குவியலை விற்றுவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

1911ஆம் ஆண்டு ஜார்ஜ் ரூபாய் இருந்தால் அரசரின் அங்கியைப் பாருங்கள். அதில் பதக்க மாலையில் உள்ள யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பதற்குப் பன்றி போல இருந்ததால் எதிர்ப்பு எழுந்தது. 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். கதை உள்ள காசு என்பதால் இன்றுவரை அதைக் கேட்பவர் குறையவில்லை. 1939 என்று ஆண்டு உள்ள ஜார்ஜ் ரூபாய் மிக அரிது. வெளியே வந்தவை மிகச் சொற்பம். அதனாலேயே 1938இன் கடைசி எண்ணைச் செதுக்கி 1939 ஆக்கிய போலிகளும் உலவுகின்றன. அப்படி ஒன்று தங்களிடம் இருந்தால், விவரம் அறிந்தவர் பார்க்கும்வரை அதை விற்கவும் வேண்டாம், அதைக் கொண்டு கனவு காணவும் வேண்டாம்.

அடுத்தது நிலை, அதாவது காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பது. எட்வர்ட் ரூபாயில் காதுக்கு மேலுள்ள முடி, விக்டோரியா ரூபாயில் மேலாடையின் பூவேலை, இவைதான் முதலில் தேயும் மேடான இடங்கள். அங்கே கோடுகள் கூர்மையாக இருந்தால் ஒரு விலை, வழுவழுவென்று ஆகியிருந்தால் வேறு விலை. ஆண்டு ஒன்றேயாயினும் இடைவெளி பல மடங்கு இருக்கும். வளையம் பற்றவைத்தவை சேகரிப்பாளரைப் பொறுத்தவரை வெள்ளி விலைக்கு வந்துவிட்டவை. வளையத்தைக் கழற்றி வாங்கினாலும் சூடுபட்ட தழும்பு போகாது. மாலையாகவே வைத்திருங்கள், மாலை என்ற முறையில் அதற்கு அழகு உண்டு.

இனி அந்தப் பொன் பணம். தாங்கள் அனுப்பியுள்ள படத்தைக் கொண்டு பார்த்தால் அது மேற்குக் கடற்கரைப் பக்கம் பெரிதும் புழங்கிய வீரராயன் பணம். அரை கிராம்கூட எடை இராது. படகர் சமூகத்தில் உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவருக்கு இந்தப் பணத்தை நெய்யில் நனைத்து வாயில் இடும் வழக்கம் இருந்ததை நூறாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சந்தையில் இந்த வகைப் பணம் இன்றும் நிறையக் கிடைப்பதால் பெரிய விலை வராது. ஆனால் யாருடைய பெட்டியில், எதற்காக, எத்தனை தலைமுறையாக இருந்தது என்று தெரிந்த வீரராயன் பணம் கடையில் கிடைக்காது. பாட்டியின் பெயரையும் ஹட்டியின் (ஊரின்) பெயரையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். அதை விற்க வேண்டாம் என்பது என் கருத்து, கேட்காமல் சொல்கிறேன்.

கேள்வி: நினைவு நாணயங்களாக வரும் 100 ரூபாய், 1000 ரூபாய் வெள்ளி நாணயங்களை ஆண்டுதோறும் நாணயச்சாலையிலிருந்து நேரடியாக வாங்கிச் சேர்க்கிறேன். வெளியான சில மாதங்களிலேயே விலை கூடிவிடுகிறது என்கிறார்கள். பத்தாண்டு கழித்து நல்ல முதலீடாக அமையுமா?
— வங்கி ஊழியர், உதகமண்டலம்

பதில்: வெளியான சில மாதங்களில் கூடுகிறது என்பது பல நாணயங்களுக்கு உண்மைதான். செய்தித்தாளில் படம் வந்த வாரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் தேடுகிறார்கள்; முன்பதிவு செய்யாதவர்கள், ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து வாங்குகிறார்கள். அது ஆர்வத்தின் விலை. அந்த ஆர்வம் அடுத்த நாணயத்துக்குத் தாவும்போது, முந்தைய நாணயத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய கணக்கு.

நிச்சயமாக மிஞ்சுவது உலோகம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010 என்று பொறித்து வந்த 1000 ரூபாய் நாணயம் 35 கிராம். அதில் 80 சதவீதம் வெள்ளி. 100 ரூபாய் நினைவு நாணயங்கள் பலவும் அதே எடைதான். ஆனால் வெள்ளி பாதி மட்டும். நாணயச்சாலை இவற்றை முகமதிப்புக்கு விற்பதில்லை, அதற்கு மேல்தான் விற்கிறது. ஆகவே வாங்கும்போதே தாங்கள் வெள்ளிக்குக் கொடுத்தது எவ்வளவு, பெட்டிக்கும் மெருகுக்கும் கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதில் கவனிக்க வேண்டிய பழைய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலை 1950இல் 5 சென்ட் நாணயங்களை வழக்கத்தைவிட மிகக் குறைவாக, ஏறத்தாழ 26 லட்சம் மட்டும் அடித்தது. எண்ணிக்கை வெளியே தெரிந்ததும் மக்கள் அவற்றைச் செலவழிக்காமல், தாளில் சுற்றிய சுருள் சுருளாகப் பதுக்கினார்கள். சுருள்கள் கைமாறக் கைமாற விலை ஏறியது. 1960களின் நடுப்பகுதியில் உச்சத்துக்குப் போய், பிறகு சரிந்தது. பல பத்தாண்டுகள் கழிந்தும் அந்த உச்சத்தை அது மீண்டும் எட்டவில்லை. காரணம் எளிது. அடித்ததில் பெரும்பகுதி புத்தம் புதிதாக அப்படியே இருந்தது. அரிது என்று எல்லோரும் பத்திரப்படுத்தியதாலேயே அது அரிதாகாமல் போயிற்று. அந்தக் காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காமல் செலவழித்த சில சாதாரணக் காசுகள், மெருகு குலையாத நிலையில் இன்று கிடைப்பதரிது.

நம் நாட்டிலும் காந்தி நூற்றாண்டுக்கு 1969இல் வந்த 10 ரூபாய் வெள்ளி நாணயத்தைப் பாருங்கள்: 15 கிராம், 80 சதவீத வெள்ளி. வாங்கியவர்கள் எல்லோரும் பூட்டி வைத்தார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் அதன் விலை பெரும்பாலும் வெள்ளி விலையின் பின்னாலேயே போகிறது. வெள்ளி ஏறினால் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது.

அப்படியென்றால் பலர் விரும்புவதாலேயே ஒரு நாணயம் மதிப்பிழந்துவிடும் என்று பொருளா என்றால், அதுவும் இல்லை. நீலகிரியின் அடிவாரத்தில் கோவை, கரூர் வட்டாரங்களில் புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் டைபீரியஸ் மன்னரின் காசு அதிகம். உலகம் முழுவதிலும்கூட அது அரிய காசு அன்று. ஆனால் 'இராயனுடையதை இராயனுக்கும்' (இராயன் என்பது ரோமப் பேரரசர்) என்று இயேசு சொன்னபோது கையில் காட்டப்பட்ட வரிக்காசு இதுதான் என்று பெரும்பாலோர் கருதுவதால், எந்தத் தலைமுறையிலும் அதை வாங்க ஆள் இருக்கிறது. அதை விரும்புகிறவர்கள் விலை ஏறும் என்பதற்காக விரும்பவில்லை, ஏறாவிட்டாலும் வைத்துக்கொள்வார்கள். ஒரு நாணயத்தின் விருப்பம் நிலைக்குமா என்பதை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்: நாளை விலை ஏறாது என்று உறுதியாகத் தெரிந்தாலும் இதை வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். பெரிய கோயில் நாணயத்துக்கு அப்படிப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் கணிசமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆண்டுதோறும் வரும் எல்லா நாணயங்களுக்கும் அதைச் சொல்ல முடியாது.

விற்கும்போது வியாபாரியின் இலாபமும் ஏலக் கமிஷனும் கழியும் என்பதை மறக்க வேண்டாம். பிடித்ததை வாங்குங்கள். பிள்ளைகளின் படிப்புக்கான சேமிப்பை இதில் போடாதீர்கள்.

கேள்வி: 1970களில் இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் தாத்தா குடும்பத்தோடு இங்கே வந்தபோது கொண்டுவந்த பிஸ்கட் டின்னில் இலங்கைக் காசுகள் இருக்கின்றன. சதுரமாகச் சில, விளிம்பு நெளிநெளியாகச் சில. இங்கே கடைகளில் யாரும் சீண்டுவதில்லை. இவற்றுக்கு மதிப்பே இல்லையா?
— பந்தலூர் வாசகர்

பதில்: தாங்கள் சொல்லும் சதுரக் காசு 5 சதம்; நெளி விளிம்புள்ளவை 2 சதமும் 10 சதமும். ஆறாம் ஜார்ஜ் தலையோடு 1940களில் ஏராளமாக அடிக்கப்பட்டவை. எலிசபெத் அரசியின் தலை உள்ள 2 சதக் காசு இருக்கிறதா பாருங்கள், அதில் 1955 அல்லது 1957 என்று இருக்கும். 1963இலிருந்து தலை போய் அரசுச் சின்னம் வந்தது. இவையெல்லாம் மலிவானவைதான். புத்தர் ஜயந்தி 2500ஆம் ஆண்டுக்காக 1957இல் வந்த 5 ரூபாய் வெள்ளி நாணயமோ, தென்னை போன்ற மரம் பொறித்த 1870ஆம் ஆண்டுச் செம்புக் காசோ டின்னில் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

பந்தலூரில் சீண்ட ஆளில்லை என்பதைக் கொண்டு மதிப்பில்லை என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. பொதுவாக மனிதர்கள் தங்கள் மண்ணின் காசையே சேர்க்கிறார்கள். இலங்கையிலும், வெளிநாடுகளில் வாழும் இலங்கைத் தமிழர்களிடையிலும் இவற்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் அடித்த, 'சேது' என்ற எழுத்தும் நந்தியும் உள்ள காசுகளுக்கு அவர்களிடையே இருக்கும் வரவேற்பு இங்கே எந்தக் கடையிலும் தெரியவராது. வாங்குபவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் விலை இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள வகைசெய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்த குடும்பங்களிடம் அப்போது வழங்கிய குடும்ப அட்டை முதலான தாள்கள் இருக்கும். டின்னையும் தாள்களையும் பிரித்துவிடாதீர்கள். தோட்டத்தின் பெயர், வந்த ஆண்டு, கொண்டுவந்தவர் பெயர் ஆகியவற்றோடு சேர்ந்திருக்கும் ஒரு டின் காசு, வருங்காலத்தில் ஓர் அருங்காட்சியகத்துக்கு வேண்டியதாக இருக்கக்கூடும். காசுகள் மட்டும் தனியே போனால் வெறும் சில்லறைதான்.

கேள்வி: எங்கள் ஊர் ஈரத்தில் செம்புக் காசுகள் பச்சை பூத்துவிடுகின்றன, வெள்ளிக் காசுகள் கறுத்துவிடுகின்றன. புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்தால் பளபளக்கின்றன. அப்படிச் செய்யலாமா?
— ஓய்வு பெற்ற ராணுவ வீரர், வெலிங்டன்

பதில்: குத்துவிளக்குக்குச் செய்யலாம். காசுக்குச் செய்யக் கூடாது. புளியின் அமிலம் உலோகத்தின் மேல்தோலை அரித்தெடுக்கிறது. விபூதித் துகள் மெல்லிய கோடுகளைக் கீறுகிறது. தேய்த்த காசைச் சாய்த்துப் பிடித்து விளக்கொளியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் கீறல்கள் தெரியும். சேகரிப்பாளர் முதலில் தேடுவதே அதைத்தான். கண்டால் பாதி விலைக்கும் கீழே சொல்வார். வெள்ளியில் காலப்போக்கில் தானாகப் படியும் மங்கிய நீலமும் செம்மஞ்சளும் கலந்த சாயலைக் குறை என்று யாரும் கருதுவதில்லை. அதற்கென்றே கூடுதலாகக் கொடுப்பவர்களும் உண்டு.

குன்னூர், வெலிங்டன், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்து வரும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை. அந்த மாதங்களுக்கு முன்பே காசுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடிவிடுங்கள். மலையூர் வீடுகளில் பலரும் செய்வது, ஸ்வெட்டரும் கம்பளியும் உள்ள அலமாரியில் வெள்ளிக் காசை வைப்பது. கம்பளியில் கந்தகம் உண்டு. ரப்பர் பேண்டிலும் உண்டு. வெள்ளி கறுப்பதற்கு அதுவே போதும். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறைகளையும் தவிர்த்துவிடுங்கள். அவை நாளடைவில் பிசுபிசுப்பான பச்சைப் படலத்தைக் காசின் மேல் விட்டுவிடும். பாலியஸ்டர் உறை சற்று விலை கூடுதல், ஆனால் அந்தத் தொல்லை இல்லை. செம்பில் பொடிப்பொடியாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்பு கண்டால், அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து உலர்ந்த இடத்தில் தனியே வையுங்கள்.

கேள்வி: காரட் பயிரிட நிலத்தைக் கொத்தியபோது யானை உருவம் உள்ள செம்புக் காசுகள் சில கிடைத்தன. மறுபக்கம் பாரசீக எழுத்து. திப்பு சுல்தான் காசு என்கிறார்கள். நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— கேத்தி வாசகர்

பதில்: திப்பு காலத்துச் செம்புக் காசுகளில் யானை உண்டு, மைசூர் ஆட்சி இந்த மலையையும் தொட்டிருந்ததால் அவை இங்கே கிடைப்பதில் வியப்பும் இல்லை. ஆண்டைப் படித்துப் பாருங்கள். தம் ஆட்சியின் நடுவில் அவர் கொண்டுவந்த மௌலூதி ஆண்டுக் கணக்கில் எண்களை வலமிருந்து இடமாக எழுதினார்கள். 5121 என்று தெரிந்தால் அது 1215. இந்த விநோதமும் யானையும் சேர்ந்து, இந்தக் காசுகளை விரும்புவோர் இங்கிலாந்து வரை இருக்கிறார்கள்.

ஆனால் விற்கும் பேச்சு பிறகு. மண்ணில் புதைந்து கிடைத்த பொருளுக்கு 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பொருந்தும். அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழும் வருகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, கழுவாமல், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படைத்து இரசீது பெறுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். மாதம் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க முடியும். எந்த நாணயங்களிலிருந்து தொடங்கலாம்?
— மாணவி, கூடலூர்

பதில்: வீட்டுச் சில்லறையிலிருந்தே தொடங்கலாம் அம்மா. ஒவ்வொரு நாணயத்திலும் ஆண்டுக்குக் கீழே உற்றுப் பார். வைரக் குறி இருந்தால் மும்பையில் அடித்தது. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டின் ஒரே ரூபாயில் நான்கு ஊரையும் சேர்ப்பதற்குச் செலவு நான்கு ரூபாய்தான். தேடுவதற்கு மாதங்கள் ஆகும்.

அதன்பின் தமிழகத்தோடு தொடர்புடைய நாணயங்களைச் சேர்க்கலாம். தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1995இல் திருவள்ளுவர் உருவத்தோடு 1, 2, 5 ரூபாய் நாணயங்கள் வந்தன. காமராசர், அண்ணா, சி. சுப்பிரமணியம் ஆகியோர் நூற்றாண்டுகளுக்கும், தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் 5 ரூபாய் நாணயங்கள் உண்டு. இவற்றில் பலவும் உன் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். தேய்ந்த காசு மூன்றை வாங்குவதைவிட, தேயாத காசு ஒன்றை வாங்கு. எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கினாய் என்பதை ஒரு நோட்டில் எழுதிவா.

கேள்வி: 2016இல் செல்லாதென்று அறிவித்த பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் சேகரிப்புக்காக வைத்திருக்கலாமா?
— குந்தா வாசகர்

பதில்: அளவோடு வைத்திருக்கலாம். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக ஒருவர் வைத்திருக்கக்கூடியது மொத்தம் 10 நோட்டுகள். ஆய்வுக்கும் நாணயச் சேகரிப்புக்கும் என்றால் 25 வரை. அதற்கு மேல் வைத்திருந்தால் அபராதம், பத்தாயிரம் ரூபாய் அல்லது அந்த நோட்டுகளின் முகமதிப்பைப்போல ஐந்து மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது.